இடம் மாறியாயிற்று

படகுக் கம்பெனி புதுக் கட்டடத்துக்குப் போய்
இரண்டு நாள் ஆகிறது.
நாற்காலிகள் போயின. காப்பி மெஷின் போனது.
மகெல்லன் நீரிணையின் வரைபடம் சட்டத்தோடு போனது.
பெயருக்கு வழி சொல்லும் சர்வரும் போனது;
போன இடத்தில் அதற்குப் புது ஐபி எண்.
பத்து நிமிஷ வேலை என்று
வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள் நெவென்கா.

சனிக்கிழமை மத்தியானம்.
எதிர்க்கரையில், போர்வெனீரில்,
ஆட்டு லாரியோடு நிற்கிறவனுக்கு
டிக்கெட் பக்கம் திறக்கவில்லை.

வரி வரியாகப் படித்தாள்.
சர்வரின் பெயருக்குப் பின்னால்
ஒரு புள்ளியை விட்டிருக்கிறாள்.
புள்ளி இல்லாத பெயரை முடிந்ததாக
இயந்திரம் எடுத்துக்கொள்வதில்லை;
கம்பெனிப் பெயரை இன்னொரு தரம்
வாலில் ஒட்டிவிடுகிறது.
நம் எழுத்திலும் அப்படித்தான்.
புள்ளி வைத்தால் மெய் அதோடு நிற்கும்,
விட்டால் ஓர் அகரம்
சத்தமில்லாமல் வந்து உட்காரும்.
நெவென்காவுக்குத் தமிழ் தெரியாது.
புள்ளி தெரியும்.
வைத்தாள்.

வால்திவியாவிலிருக்கும் இரண்டாம் சர்வர் அசையவில்லை.
கோப்பின் தலையில் ஒரு வரிசை எண்,
அது ஏறினால்தான் அதற்குக் கோப்பு மாறியது.
உள்ளே நீ எதைத் திருத்தினால் எனக்கென்ன
என்கிற குமாஸ்தா.
ஏழை எட்டாக்கினாள்.
உடனே வந்து வாரிக்கொண்டு போனது.

இருந்தும் பாதி உலகம்
பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருந்தது.

ஒசியெலுக்கு போன் போட்டாள்.
பதினொரு வருஷம் முன்பு இதையெல்லாம் அமைத்தவன்,
இப்போது வடக்கே செம்புச் சுரங்கத்தில்.
"மேலே, நாட்டுப் பேரேட்டில் மாற்றினாயா?"
இல்லை.
"என் முகவரி என் வீட்டு அலமாரியில் இருக்கிறது,
வந்து பார்த்துக்கொள் என்றால்
எவன் வருவான்? அதற்குத்தான்
மேலே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது."
மாற்றினாள்.
"ஆனால் பழசை மனப்பாடம் செய்தவர்கள்
இரண்டு மூன்று நாள் மறக்கமாட்டார்கள்.
பழைய கட்டடத்தில் லைன் இருக்கிறதா?"
மாதக் கடைசி வரை இருக்கிறது.
"அப்புறம் என்ன?"

புந்தா அரேனாஸில் காற்று முற்றினால்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
ஒரு கையில் கயிறு,
மறு கையில் குழந்தையைப் போல் மடிக்கணினி,
தொப்பி எப்போதோ போய்விட்டது.

காவலர் க்ளோதொமிரோ கதவைத் திறந்தார்.
"எல்லாம் எடுத்தாயிற்று என்றார்களே, இது என்ன?"
"தேடி வருகிறவர்களுக்குப்
போன இடம் சொல்ல."
அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.
"செவ்வாய்க்கிழமை பெயிண்ட் அடிக்க வருவார்கள்" என்றார்.

வெறும் தரையில் வைத்துப் பழைய எண்ணைக் கொடுத்தாள்.
கொடுத்த கணமே கேள்விகள் கொட்டின,
கம்பளிக் கிடங்கு, சுங்க அலுவலகம், இரண்டு வங்கி,
லிஸ்பனில் யாரோ.
அங்கே, அங்கே, அங்கே
என்று சொல்லிக்கொண்டிருந்தது மடிக்கணினி.
போர்வெனீரில் லாரி படகேறியது.
ஆடுகளுக்கு எதுவும் தெரியாது.

ஞாயிறு குறைந்தது. திங்கள் சொட்டுச் சொட்டாக.

செவ்வாய் காலை
பிளாஸ்டிக் விரிப்புக்கு நடுவே குனிந்து பார்த்தாள்.
ஒரே ஓர் இயந்திரம் மிச்சம்,
எந்த ஊரோ,
கால் மணிக்கு ஒருமுறை
ஃபேக்ஸ் இருந்த பெயரைக் கேட்கிறது.
அந்த ஃபேக்ஸைத் தூக்கிப்போட்டது
அவள் வேலைக்கு வருவதற்கும் முன்னால்.
அப்படி ஒரு பெயர் இல்லை
என்று ஒவ்வொரு தரமும்
பொறுமையாகப் பதில் போயிருக்கிறது.

"அம்மா, சுவர் காயணும்" என்றான் பெயிண்டர்.

ஒன்பதே முக்காலுக்கு மறுபடி கேட்டது.
மூடியில் ஒரு துளி வெள்ளையோடு
இல்லை என்றது மடிக்கணினி.
கேபிளைப் பிடித்தபடி
பத்து மணி வரை நின்றாள்.